பையைக் கவிழ்த்துப் பார்த்த பிறகு டப்பா வாங்குங்கள்

பிள்ளைகளின் மதிய உணவைக் கட்டிக் கொடுக்கும்போது பிளாஸ்டிக் குப்பையைக் குறைப்பது எப்படி என்று ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஆறைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். இருவருக்கும் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போகிறது. வீட்டில் ஏழெட்டு பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் எவர்சில்வரில் வாங்கும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. கையில் பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: சகோதரி, எதையும் வாங்காமல் தொடங்குங்கள். வரும் வெள்ளிக்கிழமை மாலை இரண்டு பிள்ளைகளின் பைகளையும் திண்ணையில் கவிழ்த்து, ஒரு வாரத்தில் சேர்ந்த குப்பையை வகை பிரித்துப் பாருங்கள். சென்ற ஆண்டு என் பேத்தியின் பையை நான் அவ்வாறு கவிழ்த்தபோது, பிஸ்கட் உறைகள் நான்கும், சட்னி கட்டி அனுப்பிய சிறு கவர்கள் மூன்றும், பழச்சாறு வந்த அட்டைப்பெட்டி ஒன்றும், அதன் உறிஞ்சுகுழலும், கசங்கிய அலுமினியத் தாளும் விழுந்தன. டப்பா மட்டும் ஐந்து ஆண்டுகளாக அதே டப்பாதான். டப்பா ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. அதற்குள்ளும் அதன் பக்கத்திலும் நாம் வைத்து அனுப்பும் உறைகளே நாள்தோறும் குப்பையாகின்றன என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுமையாக விளங்கியது. நல்ல நிலையில் இருக்கும் டப்பாவைத் தூக்கி எறிவதும் குப்பை சேர்ப்பதுதான் என்பதால், உங்கள் உறவினர்களின் ஆலோசனையை நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் வீட்டுப் பையில் எது அதிகமாக விழுகிறதோ, அதை முதலில் நிறுத்துங்கள். பெரும்பாலும் அது தின்பண்ட உறையாகத்தான் இருக்கும். உட்புறம் வெள்ளியைப் போல மின்னும் சிப்ஸ் உறையில் பிளாஸ்டிக் அடுக்குகளும் மிக மெல்லிய அலுமினியப் படலமும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து மீண்டும் உருக்குவது இலாபமான வேலை அன்று என்பதனால், பழைய பேப்பர் கடைக்காரர் பால் கவரை வாங்கிக்கொண்டாலும் இந்த உறையைத் தொடுவதில்லை. ஆகவே அது எரிக்கப்படும், அல்லது காற்றோடு போகும். அதற்கு மாற்றாகப் பொரிகடலையும் வெல்லமும், அவித்த வேர்க்கடலை, தட்டைப்பயற்றுச் சுண்டல், மளிகைக் கடைக் கண்ணாடிப் பாட்டிலில் இருந்து எண்ணி வாங்கும் கடலைமிட்டாய், தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கு ஆகியவற்றை ஒரு சிறு டப்பாவில் அனுப்பலாம். பனங்கிழங்கின் நாரை உரித்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, உப்பும் மிளகுத்தூளும் தூவிக் கொடுத்தால், ஆறாம் வகுப்புப் பிள்ளை வகுப்பில் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டு மறுநாள் கூடுதலாகக் கேட்கும்.

அடுத்தது சட்னிக் கவர். தண்ணீராக அரைக்கும் சட்னிதான் கவரைக் கேட்கிறது. கெட்டித் துவையல் கேட்பதில்லை. தேங்காய், வறுத்த உளுத்தம் பருப்பு, நம் ஊர் முண்டு மிளகாய் இரண்டு, சிறிது புளி ஆகியவற்றைத் தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்தால், அது இட்லியின் பக்கத்திலேயே ஓர் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். இட்லிக்கு எண்ணெய் குழைத்த பொடியைக் காலையிலேயே தடவி அனுப்புவதும் இதே காரணத்துக்காகத்தான் நம் அம்மாக்களின் வழக்கமாக இருந்தது.

கணவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, சமைக்க நேரமில்லாமல் கடையில் இட்லி வாங்கும் நாட்களும் உங்களுக்கு இருக்கும். அன்றைக்குத் தூக்குவாளியையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். உணவைக் கட்டும் பிளாஸ்டிக் தாள், எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கைப்பை, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் உள்ளிட்ட 14 வகைப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சாம்பாரைக் கவரில் கட்டித் தரும் கடைக்காரரிடம் தூக்குவாளியை நீட்டுவதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

டப்பாக்களைப் பொறுத்தவரை, ஒவ்வொன்றையும் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரோப்பிலீன். ஆறிய, உலர்ந்த தின்பண்டத்துக்கு அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். எண்ணே இல்லாதவை, உட்புறம் கீறல் விழுந்தவை, மஞ்சள் கறை ஏறியவை ஆகியவற்றில் சூடான சோற்றையும் எண்ணெய் மிதக்கும் குழம்பையும் வைக்காதீர்கள். சூடும் எண்ணெயும் சேரும்போதுதான் பிளாஸ்டிக்கில் கலந்துள்ள வேதிப்பொருட்கள் உணவில் இறங்குவது அதிகமாகிறது. அந்த டப்பாக்கள் பென்சிலுக்கும் பொத்தானுக்கும் வெண்டை விதைக்கும் போதும். நம் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடை என்பதால், பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் பல வீடுகளில் கையில் காசில்லாத மாதமாகவே அமைந்துவிடுகிறது. எனவே இப்போது சோற்றுக்கு மட்டும் ஆளுக்கு ஓர் எவர்சில்வர் டப்பா வாங்குங்கள். மற்றவற்றைத் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எவர்சில்வருக்கு மாறிவிட்டோம். ஆனால் டப்பாவின் விளிம்பில் பழுப்புப் புள்ளிகள் விழுகின்றன. மூடியின் ரப்பரில் மீன் வாடை போகவே மாட்டேன் என்கிறது. குழம்பும் பையில் ஒழுகுகிறது. மகன் பிளாஸ்டிக் டப்பாவே நல்லது என்கிறான்.
- வாசகி, கீழக்கரை

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது; ஒழுகுகிற டப்பாவை எந்தப் பிள்ளையும் விரும்பாது. உங்கள் மூன்று குறைகளுக்கும் மூன்று காரணங்கள் உள்ளன.

பழுப்புப் புள்ளிகள் உப்பால் வருகின்றன. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத படலம். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசி முனையளவு இடங்களில் துளைத்துவிடுகிறது. உப்புக்காற்றும், கழுவுவதற்கு உவர்ப்பான கிணற்று நீரும், டப்பாவில் மாலை வரை காய்ந்து கிடக்கும் கருவாட்டுக் குழம்பும் ஒன்றாகச் சேரும் நம் ஊர்களில், மதுரையில் பத்தாண்டு உழைக்கும் டப்பாவும் சீக்கிரமே புள்ளி விழுந்து நிற்கும். இதற்குச் செலவில்லாத வழி உண்டு. பிள்ளை வீட்டுக்கு வந்தவுடன் டப்பாவைக் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குவளை குடிநீரைப் பயன்படுத்துங்கள். துணியால் துடைத்து, மூடாமல் கவிழ்த்து வையுங்கள். கம்பி நாரால் தேய்க்காதீர்கள். அதன் இரும்புத் துணுக்குகள் டப்பாவில் ஒட்டிக்கொண்டு, அவையும் துருப்பிடிக்கும். தேங்காய் நார் அல்லது பீர்க்கங்கூடு போதும்.

புதிதாக வாங்கும்போது அடியில் 304 என்றோ 18/8 என்றோ பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்தது என்பது அதன் பொருள். விலை குறைந்த 202 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். உப்பைத் தாங்கும் வலிமையும் அதனால் குறைகிறது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று சிலர் சொல்வதை நம்பிவிடாதீர்கள். 202 வகையிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டுவதில்லை என்பதால், அந்தச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது.

மீன் வாடை ரப்பர் வளையத்துக்கு அடியில் இருக்கிறது. கத்திமுனையால் கிழித்துவிடாமல், கரண்டிக் காம்பால் வளையத்தை நெம்பி எடுத்துப் பாருங்கள். பள்ளத்தில் எண்ணெய்ப் பசை கறுத்துக் கிடக்கும். வாரத்துக்கு இரண்டு முறை வளையத்தைக் கழற்றி, எலுமிச்சைத் தோலும் சிறிது சமையல் சோடாவும் கொண்டு தேய்த்து, ஒரு மணி நேரம் வெயிலில் போடுங்கள். மறுபடி பொருத்தும்போது அது முறுக்கில்லாமல் உட்கார்ந்தால் ஒழுகலும் பாதி நின்றுவிடும். மீதிப் பாதி, ஆவி பறக்கும் குழம்பை ஊற்றி உடனே மூடுவதால் வருகிறது. உள்ளே அடைபட்ட நீராவி மூடியைத் தள்ளிக் குழம்புக்கு வழி விடுகிறது. ஆவி அடங்கிய பிறகு மூடுங்கள். மீன் அனுப்பும் நாட்களில் குழம்பை மசாலா ஒட்டும் பதத்துக்கு வற்ற வைத்து, நெத்திலியையோ முள் நீக்கிய துண்டையோ சோற்றின் மேலேயே வைத்துவிடுங்கள். அன்று காலையில் சமைத்த மீனைத் தவிர, முந்திய நாள் மீனைப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். நண்பகல் வெயிலில் அது தாங்காது.

தின்பண்ட வேளைக்கு உங்கள் ஊர் இனிப்பான தொதலை வீட்டிலேயே கிண்டித் துண்டு போட்டு அனுப்பினால், உறையே தேவைப்படாது.

கேள்வி: பிளாஸ்டிக்குக்குப் பதிலாக அலுமினியத் தாளில் சப்பாத்தி சுற்றுகிறேன். இது சரியா? வாழை இலை, செய்தித்தாள் ஆகியவற்றில் எது நல்லது?
- வாசகர், மண்டபம்

பதில்: அலுமினியத் தாள் பிளாஸ்டிக் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு நாள் பயன்படுத்தி எண்ணெயோடு கசக்கிப் போட்ட தாளை யாரும் மறுசுழற்சிக்கு எடுப்பதில்லை. மேலும் புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, தக்காளித் தொக்கு ஆகிய புளிப்புள்ள எதையும் அதில் கட்டக்கூடாது. புளிப்பு அலுமினியத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும். சப்பாத்திக்குத் தாளே தேவையில்லை. பழைய பருத்தி வேட்டியிலிருந்து கைக்குட்டை அளவில் ஐந்து துண்டுகள் கிழித்து ஓரம் அடித்து வைத்துக்கொண்டால், நாளைக்கு ஒன்றாக வாரம் முழுவதும் போதும். ஆவியைத் துணி உறிஞ்சிக்கொள்வதால் சப்பாத்தி ஈரமாவதும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு எடுங்கள்.

செய்தித்தாளில் உணவைக் கட்டவே கூடாது. அச்சு மை எண்ணெயில் கரைந்து வயிற்றுக்குள் போகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமும் இதற்கு எதிராகப் பல முறை எச்சரித்திருக்கிறது.

வாழை இலை மிக நல்லது. தணலில் சற்று வாட்டினால் கிழியாமல் மடங்கும். ஆனால் வறண்ட நம் மாவட்டத்தில் வெளியிலிருந்து வரும் இலையை விலை கொடுத்து வாங்க வேண்டியிருப்பதால், அதை அன்றாடத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். பூவரசு நம் கரையில் தானாக வளர்ந்து நிற்கிறது. இரண்டு பூவரசு இலைகளைக் கழுவி டப்பாவின் அடியில் விரித்தால், பணியாரமும் கொழுக்கட்டையும் குழம்புக்கறியோடு கலக்காமல் தனித்திருக்கும். கண்மாயில் தாமரை பூத்திருக்கும் ஊர்க்காரர்களுக்குத் தாமரை இலையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது.

கேள்வி: என் பேரனுக்கு என் மனைவி முடைந்த பனையோலைக் கொட்டானில் தின்பண்டம் கொடுத்து அனுப்பினோம். இரண்டு நாள் கொண்டுபோனான். மூன்றாம் நாள் வேண்டாம் என்று அழுதான். வற்புறுத்தலாமா?
- ஒரு தாத்தா, தேவிபட்டினம்

பதில்: ஐயா, வற்புறுத்தாதீர்கள். வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை எதையோ சொல்லியிருக்கக்கூடும். அந்தக் காயம் ஆறுவதற்கு முன் கொட்டானை மறுபடி பையில் வைத்தால், ஓலையின் மீதே அவனுக்கு வெறுப்பு வந்துவிடும். நான் ஆசிரியையாக இருந்தபோது, மூடியோடு கூடிய சிறு ஓலைப்பெட்டியை ஒரு மாணவி பைக்கு அடியில் ஒளித்து வைத்து, எல்லோரும் வெளியே போன பிறகு அதைத் திறந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே எள்ளுருண்டை இருந்தது. அவளிடம் ஒன்று கேட்டு வாங்கித் தின்றேன். அந்தப் பெட்டியை யார் முடைந்தது என்று மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அதன் பிறகு அவள் அதை ஒளிக்கவில்லை.

உங்கள் துணைவியாரைப் பேரனின் பக்கத்தில் உட்கார்ந்து முடையச் சொல்லுங்கள். குருத்தோலையைக் கீறி, ஈர்க்கை நீக்கி, நனைத்துப் பதப்படுத்துவதை அவன் பார்க்கட்டும். நான்கு ஓலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு அடிப்பாகம் தொடங்குவதைத் தானும் செய்து பார்க்கட்டும். அவன் கை பட்ட கொட்டானை அவனே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவான் என்று நினைக்கிறேன். போகாவிட்டாலும் அது வீட்டில் வெங்காயத்துக்கு உதவும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தின்பண்டத்துக்குச் சாயம் ஏற்றாத ஓலையையே பயன்படுத்துங்கள். சாயம் ஈரத்தில் கரையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலையில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், அந்த இரண்டு மாதங்களுக்கு அதை அடுப்படிப் பரணில் ஏற்றிவிட்டுச் சில்வர் டப்பாவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: தண்ணீர் பாட்டிலுக்கு என்ன செய்வது? எவர்சில்வர் பாட்டிலில் வெள்ளைப் படிவு படிந்து வாடை வருகிறது.
- வாசகி, சாயல்குடி

பதில்: அந்தப் படிவு தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு, அழுக்கு அன்று. பாதி எலுமிச்சம்பழச் சாற்றை வெதுவெதுப்பான நீரில் கலந்து பாட்டிலை நிரப்பி, ஓர் இரவு வைத்திருந்து குலுக்கிக் கொட்டினால் பெரும்பகுதி போய்விடும். நாள்தோறும் மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பாட்டிலைக் கவிழ்த்துக் காயவைத்தால் வாடை வராது. கை நுழையும் அளவுக்கு வாய் அகன்ற பாட்டிலை வாங்குங்கள். சிறு பிள்ளைக்குச் சூடு காக்கும் இரட்டைச் சுவர்ப் பாட்டில் வேண்டாம். அதன் எடை பையின் எடையோடு சேர்ந்து தோளை இழுக்கும். கடையில் வாங்கிய குடிநீர் பாட்டிலை மாதக்கணக்கில் நிரப்பி அனுப்பும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அதில் வெந்நீர் ஒருபோதும் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் வந்தால் ஐம்பது சாக்லேட் உறைகள் வகுப்பறையில் கிடக்கின்றன. பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?
- ஆசிரியர், உச்சிப்புளி

பதில்: ஆசிரியர் அவர்களே, தடை என்று சொல்லாமல், மாற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளை ஒரு தூக்குவாளி நிறையச் சுண்டலோ கேசரியோ கொண்டுவரலாம், மற்றப் பிள்ளைகள் தங்கள் டப்பா மூடியிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று ஆண்டின் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டால், எந்தக் குடும்பமும் தனியாகக் கூச்சப்பட வேண்டிய நிலை வராது. இயலாத வீட்டுப் பிள்ளைக்கு நெல்லிக்காயோ கொடுக்காப்புளியோ போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சத்துணவுக் கூடத்தில் எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டுக் கழுவி வைக்கும் பிள்ளைகளால் ஒரு துண்டு பிளாஸ்டிக் குப்பையும் சேர்வதில்லை. 1982 முதல் நம் பள்ளிகளில் நடந்துவரும் திட்டம் சத்துணவு. அந்தப் பிள்ளைகளை மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுங்கள். அவர்களுக்கு அந்தப் பெருமை உரியது.

உங்களோடு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் தனிக் குறிப்பு எழுதியிருக்கிறாள். பாம்பனில் உள்ள அவளுடைய பள்ளிக்கூடம் கடலிலிருந்து தள்ளி இருக்கிறதாம். அங்கே போடும் உறை கடலுக்குப் போகும் என்பது உண்மையா என்று கேட்கிறாள். மகளே, உண்மைதான். உங்கள் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெண் கடல், ஆண் கடல் என்று சொல்வது இவற்றைத்தான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் லேசான உறை வடகிழக்கே ஓடிப் பெண் கடலில் விழும். வாடைக்காற்று தொடங்கினால் தெற்கே திரும்பி ஆண் கடலுக்குப் போகும். அந்தத் தெற்குக் கடலில்தான் 21 தீவுகளும் பவளப் பாறைகளும் அடங்கிய பகுதியை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கடலாமை, மிதக்கும் கவரைச் சொறிமீன் என்று எண்ணி விழுங்கிவிடுகிறது. செரிக்காத கவர் குடலை அடைத்துக்கொள்வதால் பசியோடு சாகிறது. நாளைக்கு இடைவேளையில் உன் பள்ளிக்கூடத்து வேலியைச் சுற்றி நடந்து, உறைகள் எந்தப் பக்கத்து முள்ளில் அதிகமாகச் சிக்கியிருக்கின்றன என்று எண்ணிப் பார். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கிய பிறகு மறுபடி எண்ணு. இரண்டு கணக்கையும் எனக்கு எழுதி அனுப்பு.